வீட்டை வாடகைக்கு விடும் முன் ஆளை எப்படி விசாரிப்பது? முதன்முறை விடுபவர்களுக்கு

டு-லெட் போர்டு மாட்டிய மறுநாளே நாலைந்து பேர் போன் செய்துவிடுவார்கள். அதிலும் சென்னையில் மே, ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். இத்தனை பேரில் யாருக்குக் கொடுப்பது என்பதை முதன்முறை வீடு விடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்கிறார்கள்: ஆள் பார்க்க எப்படி இருக்கிறார், என்ன ஆட்கள், அட்வான்ஸ் எவ்வளவு தருவார். மாதாமாதம் வாடகை வருமா, காலி செய்யும்போது வீடு நல்லபடியாகத் திரும்பி வருமா என்ற கேள்விக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பதில் சொல்வதில்லை.

நமக்குத் தெரிய வேண்டியது நான்கே நான்கு. வந்திருப்பவர் தான் சொல்லும் ஆள்தானா? வாடகை கட்டுகிற அளவுக்கு வருமானம் இருக்கிறதா? இதற்கு முன் இருந்த வீட்டில் எப்படி இருந்தார்? நம் வீட்டில் உண்மையில் குடியிருக்கப் போவது யார் யார்? இந்த நான்குக்கும் காகிதத்திலோ போனிலோ சரிபார்க்கக்கூடிய பதில் கிடைக்கும். தமிழ்நாட்டு நடைமுறையை, குறிப்பாகச் சென்னையை, வைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அட்வான்ஸ். "பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவிட்டால் எதற்கு விசாரணை, பணம்தான் நம்மிடம் இருக்கிறதே" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 18,000 என்றால் பத்து மாதம் 1,80,000. அந்தப் பணத்தை யாரும் தனியாக எடுத்து வைப்பதில்லை, மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டிய கடனுக்கோ போய்விடுகிறது. குடியிருப்பவர் வாடகையை நிறுத்திவிட்டு "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று சொன்னால் அதற்கு மேல் என்ன செய்வீர்கள்? பத்து மாதம் கழிந்தபின் உடைந்த கதவுக்கும், பாக்கி இருக்கிற கரண்ட் பில்லுக்கும், சுவரில் அடித்த ஆணிக்கும் கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. தவிர, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம் அது) ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பெரிய அட்வான்ஸ் கேட்டால் இன்னொன்றும் நடக்கும்: நல்ல வேலையில் இருக்கிற, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டக்கூடிய, ஆனால் மொத்தமாக இரண்டு லட்சம் கையில் இல்லாத இளம் குடும்பங்கள் போர்டைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடும். விசாரிப்பதில் நேரம் செலவழித்து, அட்வான்ஸை மூன்று மாதத்தில் நிறுத்திக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டைக் காட்டுவதற்கு முன்பே போனில் பாதி வேலை முடிந்துவிடும். எத்தனை பேர் இருப்பீர்கள், எப்போது குடிவர வேண்டும், இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஏன் மாறுகிறீர்கள், எங்கே வேலை, வண்டி எத்தனை. எல்லாமே சாதாரணக் கேள்விகள். உண்மையாக வீடு தேடுகிறவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். "ஏன் மாறுகிறீர்கள்" என்பதற்கு வரும் பதிலை மட்டும் குறித்துவையுங்கள், பின்னால் பழைய வீட்டுக்காரரிடம் பேசும்போது அது உதவும். அதே அழைப்பில் நம் வீட்டைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பு, குடிக்க கேன் வாங்கத்தான் வேண்டும், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும், கார் நிறுத்த இடம் இல்லை. இதை மறைத்துக் குடிவைத்தால் ஆறே மாதத்தில் அவர் காலி செய்வார், நாம் மறுபடி புரோக்கர் கமிஷனும் பெயின்ட் செலவும் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாம் தெரிந்தும் "பரவாயில்லை சார், வந்து பார்க்கிறோம்" என்பவர்தான் நிலைத்து இருப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன், வீட்டைப் பார்க்க வேண்டாம், அட்வான்ஸ் இப்போதே அனுப்பிவிடுகிறேன்" என்று ஒரு அழைப்பு வரலாம். அடையாள அட்டைப் படம், சீருடைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, பணம் வர இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். யுபிஐ-யில் பணம் வாங்க நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் தருகிறேன் என்று அவசரப்படுத்துகிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் வயதான அப்பா அம்மாதான் போன் எடுப்பார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது அவசியம்.

அடையாளம்: வேகமாக முடிகிற வேலை. ஆதார் நகல் வாங்கி பீரோவில் வைத்தால் விசாரித்ததாகிவிடாது, ஏனென்றால் நகலில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அச்சிடலாம். அசலைக் கேளுங்கள், அதிலுள்ள க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். பெயரும் படமும் எதிரில் நிற்பவரோடு பொருந்தினால் போதும். நகலுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கிக்கொள்ளலாம். முழு எண்ணைத் தரத் தயங்குகிறவரைச் சந்தேகப்பட வேண்டாம், அவர் தன் விவரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நகலின் மேல் "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வருமானம். கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. 18,000 வாடகைக்குக் குறைந்தது 54,000. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று மாத சம்பளச் சீட்டும், அதே மூன்று மாத வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான பக்கங்களும் கேளுங்கள். முழு ஸ்டேட்மென்ட் வேண்டாம், அவர் எங்கே சாப்பிட்டார், எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? மற்ற வரிகளை மறைத்துக் கொடுத்தாலும் போதும். சம்பளச் சீட்டு மட்டும் இருந்தால் போதாது, அதைக் கம்ப்யூட்டரில் யாரும் தயாரித்துவிடலாம். சீட்டின் அடியில் நிகரச் சம்பளம் 56,250 என்று இருந்தால், வங்கிப் பக்கத்திலும் அந்த மாதக் கடைசியிலோ அடுத்த மாதத் தொடக்கத்திலோ அதே 56,250, அதே கம்பெனி பெயரில் வரவாகியிருக்க வேண்டும். 56,000 என்று முழுசாக, வேறொரு தனிநபர் பெயரிலிருந்து வந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சின்னக் கம்பெனிகளில் முதலாளியே தன் கணக்கிலிருந்து அனுப்புவது உண்டு, அப்படியென்றால் அதைச் சொல்வார், நீங்களும் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். ஒருமுறை என்னிடம் வந்த சீட்டில் கூட்டிக் கழித்தால் நிகரத் தொகையே சரியாக வரவில்லை. சம்பள மென்பொருள் அச்சடிக்கிற சீட்டில் கூட்டல் தப்பாது. ஆகவே கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்ப்பதில் தவறே இல்லை.

சொந்தத் தொழில் செய்பவரிடம் சம்பளச் சீட்டு கேட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கடைசி இரண்டு வருட வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த ரசீது, ஜிஎஸ்டி எண் இருந்தால் அது. ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் இலவசமாகத் தேடினால் கடையின் பெயர், பதிவு தேதி, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். தள்ளுவண்டிக் கடை, ஆட்டோ, தையல் வேலை என்று எந்தக் காகிதமும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அடுத்து சொல்லப் போவதுதான் பெரிய சான்று.

பழைய வீட்டுக்காரரிடம் பேசுவது

இந்த மொத்த விஷயத்திலும் எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒருவர் முன்பு இருந்த வீட்டில் எப்படி வாடகை கட்டினாரோ, அப்படியேதான் பெரும்பாலும் நம்மிடமும் கட்டுவார். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போதைய வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுக்கும் குடித்தனக்காரர் போனால் போதும் என்றிருக்கலாம், அப்போது நாம் கேட்டால் "தங்கமான மனுஷன் சார்" என்றுதான் சொல்வார். அதனால் அதற்கு முந்தைய வீட்டுக்காரரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அவருக்கு மறைக்க ஒன்றும் கிடையாது.

கொடுத்த எண் உண்மையில் வீட்டுக்காரருடையதா, நண்பனுடையதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வழி: பழைய வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும், வாடகை அனுப்பிய யுபிஐ பதிவுகள் இரண்டு மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இருக்கிற பெயரும், பணம் போன பெயரும், நாம் போன் செய்யும்போது "நான்தான் வீட்டு ஓனர்" என்று பேசுகிறவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் போன தேதிகளும் அதிலேயே தெரிந்துவிடும். ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டியதை எட்டு, ஒன்பது என்று அனுப்பியிருந்தால் பெரிய விஷயமில்லை, ஒரு மாதம் தவறி அடுத்த மாதம் இரண்டாகக் கட்டியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். காகிதம் இல்லாத சிறுதொழில் செய்பவர்கூட இரண்டு வருட யுபிஐ வாடகைப் பதிவைக் காட்டிவிட்டார் என்றால், என்னைக் கேட்டால், அது சம்பளச் சீட்டைவிட உயர்ந்தது.

போனில் என்ன கேட்பது? "எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் "நல்லவர்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

"சார், உங்க வீட்டுல எத்தனை வருஷம் இருந்தாங்க?"

"மூணு வருஷம்."

"வாடகை எந்தத் தேதிக்கு வரும்?"

"அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுடுவாரு. ஒரு தடவை வேலை மாறினப்போ லேட்டாச்சு, முன்னாடியே சொல்லிட்டாரு."

"காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல ஏதாவது பிடிச்சீங்களா?"

"பெயின்ட்டுக்கு ஒரு மாசம் பிடிச்சேன். வழக்கமா பிடிக்கிறதுதான்."

"மறுபடி அவரே கேட்டா வீடு கொடுப்பீங்களா?"

கடைசிக் கேள்விக்கு உடனே "தாராளமா" என்று வந்தால் நிம்மதி. சற்று மௌனம் வந்து, "அது வந்து... இப்ப நாங்க வாடகைக்கு விடறதில்ல" என்று பேச்சு மாறினால், என்ன விஷயம் என்று மெதுவாகக் கேளுங்கள். சில சமயம் வீட்டுக்காரர் மேலேயே தப்பு இருக்கும். தண்ணீர் மோட்டாரை நிறுத்திவைத்துக் காலி செய்யச் சொல்லியிருப்பார், அதற்காகச் சண்டை வந்திருக்கும். தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்துவதை இதே வாடகைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே சண்டை நடந்தது என்று கேட்டவுடன் பெயரை அடித்துவிடாமல், குடியிருந்தவரின் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் முதல் அழைப்பில் "ஏன் மாறுகிறீர்கள்" என்பதற்குச் சொன்ன பதிலோடு இதைப் பொருத்திப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

முதல்முறை ஊரைவிட்டு வந்து வேலையில் சேர்கிற பிள்ளைகளுக்குப் பழைய வீட்டுக்காரர் இருக்க மாட்டார். வேலைக்கான நியமனக் கடிதமும், ஊரில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ போனில் பேசுவதும் போதுமானது.

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று தேடுகிறவர்களும் உண்டு. தேடலாம், இலவசம்தான். ஆனால் சென்னையில் முருகன் என்று தேடினால் எத்தனை முருகன் வருவார்கள்? அப்பா பெயரும் முகவரியும் பொருந்தினால் ஒழிய அதை நம்பி யாரையும் ஒதுக்காதீர்கள்.

குடியிருக்கப் போவது யார்

ஒப்பந்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போடுவார், வீட்டில் வேறொருவர் இருப்பார். அண்ணன் தம்பிக்காக எடுத்துக் கொடுப்பது மாதிரி சாதாரண விஷயமாகவும் இருக்கலாம். ஆனால் இதில் பெரிய மோசடி ஒன்றும் நடக்கிறது. நம்மிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, தானே உரிமையாளர் என்றோ உரிமையாளரின் ஏஜென்ட் என்றோ சொல்லி, வேறொரு குடும்பத்துக்குப் பல லட்சம் போக்கியத்துக்கு, அதாவது மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல், விட்டுவிடுவார்கள். சில மாதம் நமக்கு வாடகை ஒழுங்காக வரும், பிறகு ஆளே இருக்க மாட்டார். போக்கியத்துக்கு வந்த குடும்பம் வாழ்நாள் சேமிப்பை இழந்து நம் வாசலில் நிற்கும். அவர்களை வெளியே போகச் சொல்லவும் மனம் வராது, சொன்னாலும் உடனே நடக்காது. இதைத் தடுக்க மூன்று செயல்கள் போதும்: குடியிருக்கப் போகிற பெரியவர்கள் அனைவரையும் ஒருமுறை நேரில் பாருங்கள், அவர்கள் பெயர்களை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், குடிவந்த முதல் மாதத்தில் ஒருதடவை சொல்லிவிட்டுப் போய் வாருங்கள். கம்பெனி பெயரில் நான்கைந்து வீடுகளை மொத்தமாக எடுக்கிறோம், வாடகை கூடுதலாகத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை.

பேச்சிலர்கள் சேர்ந்து வீடு எடுக்கும்போது எல்லோருடைய பெயரும் கையெழுத்தும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மொத்த வாடகைக்கும் எல்லோரும் சேர்ந்து பொறுப்பு என்றும், ஒருவர் போய் வேறொருவர் வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதிவிட்டால் முடிந்தது. பேச்சிலர் என்பதற்காகவே மறுப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான்கு சம்பளம் வருகிற வீடு ஒரு சம்பளம் வருகிற வீட்டைவிட வாடகைக்குப் பத்திரமானது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

கேட்கக் கூடாதவை

"நீங்க என்ன ஆளுங்க?" சென்னையில் வீடு தேடிய யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நேராகக் கேட்காவிட்டால் சொந்த ஊர், குலதெய்வம், என்ன சாப்பிடுவீர்கள் என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். சாதியும் மதமும் ஒருவர் வாடகை கட்டுவாரா என்பதைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இதைக் கேட்டு ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கும் அவர்களுக்கு நாம் செய்வது அவமானம். சட்டமும் சும்மா இல்லை. தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பதை 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. திருநங்கை, திருநம்பி என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், எச்ஐவி இருப்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை வீட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. தனியாக இருக்கும் பெண்ணிடம் "கல்யாணம் எப்போ, யார் யார் வந்து போவாங்க" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே காகிதங்கள் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தவறுகள் தானாகவே நிற்கும்.

போலீஸ் விவகாரம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கியிருந்த, வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட ஐந்து பேர் என்கவுன்டரில் இறந்தபின், குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவு போட்டது. உங்கள் பகுதி நிலையத்தில் இப்போது என்ன நடைமுறை என்று கேட்டு அப்படியே செய்துவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும், இதை மறந்தால் பிரச்சினை வீட்டுக்காரருக்குத்தான்.

எல்லாம் சரி என்றால் ஒப்பந்தம். பதினொரு மாதம் என்று எல்லோரும் போடுவதற்குக் காரணம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதுதான். ஆனால் புதிய வாடகைச் சட்டத்தில் பதினொரு மாத ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். இதைச் சொல்லும்போது "அதெல்லாம் எதுக்கு சார், வெறும் பேப்பர்ல எழுதிக்கலாமே" என்று தொடர்ந்து மறுக்கிறவரையும், வாடகையை ரொக்கமாக மட்டும்தான் தருவேன் என்பவரையும் பற்றி நான் ஒருதடவைக்கு இரண்டு தடவை யோசிப்பேன். குடிவருகிறவர்கள் பக்கத்திலிருந்தும் நம்மிடம் கேட்பது உண்டு: வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வாடகை கட்டி வரிக் கழிவு வாங்குகிற சம்பளக்காரர் நம் பான் எண்ணைக் கேட்பார். தயங்காமல் கொடுங்கள். அதைக் கேட்கிறவர் வருமானத்தைக் கணக்கில் காட்டுகிறவர், ரசீது வாங்குகிறவர். நாம் தேடுவதும் அப்படிப்பட்டவரைத்தானே?

டோக்கன் அட்வான்ஸை ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் வாங்காதீர்கள். விசாரித்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டு, முடிவான பிறகே வாங்குங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் பதிலை நம்பி வேறு வீடு பார்க்காமல் இருக்கலாம், பழைய வீட்டுக்குக் காலி செய்யும் தேதியும் சொல்லியிருக்கலாம். "வாடகைக்கும் உங்க வருமானத்துக்கும் கொஞ்சம் நெருக்கமா இருக்கு, அதான் யோசிக்கிறோம்" என்று உள்ள காரணத்தையே சொன்னால், அவர் தன் தரப்பில் ஏதாவது சொல்ல வாய்ப்பும் கிடைக்கும். அப்புறம் அவர் அனுப்பிய ஆதார், சம்பளச் சீட்டு படங்களை வாட்ஸ்அப்பிலிருந்தும் போன் கேலரியிலிருந்தும் அழித்துவிடுங்கள், புரோக்கர் வழியாக வந்திருந்தால் அவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.